முகப்பு விளக்கு வைத்தியர்

“என் கண்ணுக்குத் தெரியாத மங்கல் இன்னும் பொறக்கல சார்!”

இப்படி அறிவித்தபோது அவர் என் காரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் முகப்பு விளக்கைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். நான் அழைக்கவில்லை. செய்தித்தாள் எடுக்கக் கீழே இறங்கினேன்; அவர் அங்கே இருந்தார். மஞ்சள் பூத்த விளக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நோயாளியை ரொம்பத் தாமதமாகக் கொண்டுவந்து சேர்க்கும் உறவினரை டாக்டர்கள் பார்க்கும் பார்வை அது. “இவ்வளவு முத்த விட்டிருக்கீங்களே!” என்றார். நான் தலைகுனிந்தேன். வேறென்ன செய்ய?

எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் பளபளா. மாத்திரை கம்பெனி ஒன்றில், ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புட்டிகளில் லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது உத்தியோகம். வாரம் முழுக்கக் கோணலைத் தேடுகிற கண்ணுக்கு, விடுமுறை நாளில் மங்கலைத் தேடுவதுதான் ஓய்வு. மற்றவர்கள் நடைப்பயிற்சி போகும்போது எதிரே வரும் மனிதர்களைப் பார்ப்பார்கள். இவர் நிறுத்தியிருக்கும் கார்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போய் மின்கம்பத்தில் மோதிக்கொள்வார். கம்பத்திடம் மன்னிப்பும் கேட்பார்.

வைத்தியத்துக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் விளக்கைச் சுற்றி நீல டேப் ஒட்டுவார், சவரத்துக்கு முன் கழுத்தில் துண்டு கட்டுவதுபோல. அப்புறம் தண்ணீரில் ஊறிய முரட்டு உப்புத்தாளால் தேய்ப்பு. பால் மாதிரி வழியும். மஞ்சள் போய், விளக்கு முழுக்க வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். வண்டிக்காரர்கள் கதறுவது இந்த இடத்தில்தான். மாடி வீட்டு வங்கி மேனேஜர், நாலு பேருக்குக் கடன் மறுத்த கல்நெஞ்சர், “ஐயோ, இருந்ததும் போச்சே!” என்று வாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “பயப்படாதீங்க சார், இப்பதான் மயக்க மருந்து குடுத்திருக்கேன்” என்றார் பளபளா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

பிறகு மெல்லிய தாள், அதைவிட மெல்லிய தாள், பசை, சுழலும் மெஷின். கடைசியில் வெயிலைத் தாங்குகிற மேல்பூச்சு. துணியில் நனைத்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கோடு விழுந்தால் எல்லாம் முதலிலிருந்து. அந்த இழுப்பின்போது அவர் மூச்சு விடமாட்டார். சுற்றி நிற்கும் நாங்களும் விடமாட்டோம். ஒருமுறை பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைப்பை நிறுத்தியது.

கூலி வாங்கமாட்டார். இருட்டியதும் விளக்கைச் சுவரைப் பார்த்துப் போடச் சொல்லி, அந்த வெளிச்சத்தில் போய் ஒரு நிமிடம் நின்றுகொள்வார். அவ்வளவுதான். ஆனால் பல்பசை என்ற சொல்லை மட்டும் அவர் காதுபடச் சொல்லக்கூடாது. பல்பசையால் விளக்குத் தேய்த்த டெய்லரோடு இன்றுவரை பேச்சு இல்லை. “அப்ப பல்லுக்கு என்ன, கார் பாலிஷ் போடுவாராமா?” என்று மூன்றாம் மனிதர் வழியாகக் கேட்டனுப்பினார்.

இந்தத் தர்மாஸ்பத்திரியில் கவனிக்கப்படாத நோயாளி ஒன்றே ஒன்று: அவர் மனைவியின் கார். அந்த அம்மா வண்டி ஓட்டச் சொல்லித்தரும் டிரைவிங் டீச்சர். “ஊர்ல இருக்கற காருக்கெல்லாம் கண்ணு தெறந்துவிடறாரு. என் காரு மட்டும் தடவிக்கிட்டுப் போவுது” என்று படிக்கட்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். போன தடவை வண்டிச் சோதனையில் அதிகாரி எச்சரித்தே அனுப்பியிருந்தார். மறுபடி விளக்கு மங்கலாக இருந்தால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் வகுப்பு நிற்கும். சோதனை திங்கட்கிழமை காலை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை, வேறு வழியில்லாமல், பளபளா தன் மனைவியின் காருக்கு வாளியோடு இறங்கினார்.

இறங்கும்போதே உற்சாகம் பொங்கியது. “என்ன சார், இன்னிக்கு ஒரே மூட்டமா இருக்கு!” என்றார். நான் அண்ணாந்து பார்த்தேன். கொடியில் துணி அப்பளமாகக் காய்ந்துகொண்டிருந்தது. பூனை நிழல் தேடி மூன்றாவது காருக்கு மாறிவிட்டிருந்தது.

“அதுமட்டுமா? தெருவ ஒரு சுத்து வந்தேன். டாக்சி, வேன், மேனேஜர் வண்டி, நான் செஞ்சது செய்யாதது அத்தனையும் ஒரே ராத்திரியில மங்கிப்போச்சு! காத்துல என்னமோ கலந்திருக்கு சார். ஒண்ணு விடாம மறுபடி செய்யணும்!” துக்கச் செய்திதான். ஆனால் மகளுக்குப் பிள்ளை பிறந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

மதியத்துக்குள் டீச்சரின் காரில் இரண்டு விளக்கும் தண்ணீர் மாதிரி தெளிந்துவிட்டன. பூச்சு ஒன்றுதான் பாக்கி. பளபளா எழுந்தார், குனிந்தார், தலையைச் சாய்த்தார். “இல்ல. இன்னும் இருக்கு” என்று முரட்டுத் தாளை எடுத்தார்.

டீச்சர் வந்தார். “ஏங்க, மறுபடி எதுக்கு அந்தத் தாளு?”

“மங்கல் போகல.”

“போயிடுச்சு. பல்பு தெரியுது. பல்பு மேல எழுதியிருக்கறதுகூடத் தெரியுது.”

“உனக்கு ரோடு பாக்கத் தெரியும். மங்கல் பாக்க வேற கண்ணு வேணும்.”

“வெயில் எறங்கிட்டா பூச்சு காயாது. பிசுபிசுன்னு கொண்டுபோய் நிறுத்தினா அந்த அதிகாரி நாளைக்கு என்னை நடத்தியே வீட்டுக்கு அனுப்புவாரு. அப்புறம் என் ஸ்டூடண்டுங்களுக்கு நீங்கதான் உங்க வாளிய வச்சு ஸ்டியரிங் சொல்லித்தரணும்.”

“சார், நீங்களே சொல்லுங்க” என்று என் பக்கம் திரும்பினார் பளபளா.

அப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்களும், குளியலறை ஜன்னலுக்கு அப்பால் யாரோ இருவர் நடமாடுவதுபோல அசைந்தன.

“கண்ணாடி...” என்று இழுத்தேன்.

“பாத்தீங்களா! லேசாக் கீறல் இருந்தது. இதுவும் அதே பிளாஸ்டிக்தானே? காலையில எழுந்ததும் ரெண்டாயிரம் நம்பர் தாள்ல ஒரு தேய், மெஷின்ல ஒரு சுத்து. புதுசாட்டம் ஆயிடுச்சு இல்ல?”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அதில் மேகம் என்று ஒரு துணுக்கு இல்லை. டீச்சர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார், சிரிப்பில் தோள்கள் குலுங்கின.

பளபளா முரட்டுத் தாளை நனைத்தார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றினார். கிட்டத்தில் இருப்பது அவருக்கு வெறும் கண்ணாலேயே நன்றாகத் தெரியும். அப்படியே குனிந்து, மூக்கு முட்டும்வரை விளக்கருகே போனார். போனவர் அசையவில்லை. கையிலிருந்த தாள் சொட்டிக்கொண்டே இருந்தது.

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றிப் பார்த்தார். மறுபடி போட்டுத் தெருக்கோடிவரை ஒரு முறை பார்த்தார், பத்திரிகையாளரைக் கண்ட மந்திரி முகத்தைத் திருப்புவதுபோல உடனே கழற்றினார்.

முரட்டுத் தாள் வாளிக்குள் போயிற்று. கண்ணாடி மடிந்து சட்டைப் பைக்குள் போயிற்று. மூக்கு முட்ட நின்றால் ஒரே இழுப்பாக இழுக்க முடியாது; விலகி நின்றால் வெறும் கண்ணுக்கு விளக்கு தெரியாது. பூச்சைத் துணியில் நனைத்தார், பக்கவாட்டில் தடவி மனைவியின் கையைத் தேடிப் பிடித்தார், துணியை அதில் வைத்து விரல்களை மூடிவிட்டு, விளக்குக்கு வழிவிட்டு நகர்ந்து நின்றுகொண்டார்.