அப்பா எழுதாத கணக்கு

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி உறவினர்கள் பலர் தவறாக நம்பிவந்த ஒன்றை, மகனாகிய நான் இங்கே திருத்த வேண்டியிருக்கிறது.

அப்பா கச்சிராயபாளையத்துக்கு அருகே மலையடிவாரத்தில் பிறந்தவர். எட்டாவதோடு படிப்பு நின்றதும், பக்கத்து ஊர்ப் பண்ணையில் கணக்கெழுதச் சேர்ந்தார். களத்தில் குத்தகை நெல் அளந்ததும், எழுதியதை உரக்கப் படித்துக் காட்டி, "சரியாப்பா?" என்று கேட்ட பிறகுதான் நோட்டை மூடுவார். எழுத்தறியாத குத்தகைதாரர்கள் அவரை முழுக்க நம்பினார்கள்.

குத்தகைதாரர்களை அரசாங்கம் பதிவு செய்யத் தொடங்கிய காலம் அது; பதிவானவரை எளிதில் நிலத்தைவிட்டு வெளியேற்ற முடியாது. பதினெட்டு வருடம் பண்ணை நிலத்தைக் குத்தகைக்கு உழுத கோவிந்தன் மனு கொடுத்தார். அவரைக் கூலியாள் என்று காட்டிப் பழைய நோட்டுகளை மாற்றி எழுதச் சொன்னார் பண்ணைக்காரர்.

"குத்தகை அளந்தவன கூலின்னு எப்டிங்க எழுதறது?" என்று கேட்டுவிட்டு, அப்பா வேலையை விட்டு வந்துவிட்டார்.

பண்ணைக்காரர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது, வேலையில்லை. ஓர் உத்தியோகத்துக்குச் சிபாரிசு செய்வதாகச் சொன்னார். என் எழுத்தும் அப்பாவின் எழுத்தும் ஒன்றுபோல இருக்கும். ஆறே நாளில் நோட்டுகளை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கள்ளக்குறிச்சியில் விசாரணை. "இது உங்க எழுத்தா?" என்று அதிகாரி நோட்டை நீட்டினார். அப்பா பக்கங்களைப் புரட்டினார். பின்னால் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாங்க, என்னுதுதான்."

கோவிந்தனுக்கு நிலம் போயிற்று. வாசலில் அவர், "இன்னாங்க கணக்குப்பிள்ள, நீங்களே இப்டிப் பண்ணிட்டீங்களே?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன். "பேசாத வா, பஸ் வருது" என்று அப்பா என் கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

அதன்பின் ஊரில் ஒருவரும் அவரிடம் ஒரு மனுகூட எழுதக் கேட்டதில்லை. வெள்ளிமலையில் சாமை வாங்கி, ஜீப்பில் இறக்கி விற்றுப் பிழைத்தார். நானோ சிபாரிசில் கிடைத்த வேலையில் வீடு கட்டினேன். அவர் படுக்கையில் கிடந்தபோது, உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"நான் இருக்கற வரைக்கும் வாணாம்டா. உன்ன நாலு பேரு ஏசறத நான் கேக்கக் கூடாது."

சென்ற மாதம் கோவிந்தனிடம் போய்ச் சொன்னேன். இந்த வயதிலும் அவர் அடுத்தவர் கரும்பு வெட்டக் கூலிக்குப் போகிறார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"முன்னாடியே சொல்லியிருந்தா, அவரு சாவுக்காவது வந்திருப்பேனே."

நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்பாவுக்கு வைத்தியம் பார்த்தவர்களுக்கும், பாடையைத் தோளில் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நினைவு நாளன்று கோவிந்தன் குடும்பத்தார் வந்தால், முதல் பந்தியில் உட்கார வையுங்கள். அவர்களுக்கு நான் பரிமாறுகிறேன்.