ஒரு வாய் தயிர்சாதம்

தென்காசியில், ஊனமுள்ள பிள்ளைகளைத் தத்தெடுக்க வந்தவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். நடத்திய அம்மாவை எல்லோரும் டீச்சர் என்றோம். ஒல்லியான உடம்பு. பேச்சுக்கு நடுவே தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

மதியம் என் வீட்டுக்காரரைப் பிள்ளையின் இடத்தில் கையைக் கட்டி, பேசாமல் உட்காரச் சொல்லிவிட்டு, என்னைத் தயிர்சாதம் ஊட்டச் சொன்னார். எல்லோரும் பார்க்கிறார்களே என்ற பதற்றத்தில், முதல் வாய் உள்ளே போகும் முன்னே அடுத்ததைத் திணித்துவிட்டேன். அவருக்குப் புரை ஏறிவிட்டது.

“ஏட்டி, என்னைக் கொல்லப் பாக்கியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

“முழுங்கிட்டாரான்னு பாத்தியாம்மா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “நான் எட்டாங்கிளாஸ் கூட முடிக்கல டீச்சர். என்னை நம்பிப் பிள்ளையத் தருவாங்களா? ரொம்பப் பயமா இருக்கு.”

“பயம் இருக்கட்டும்மா. அன்னைக்கு எனக்குப் பயமே இல்ல.”

என்றைக்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது எங்கள் மகளுக்கு ஐந்து வயது. பேச்சு வராது. ஒரு வாய் முழுங்கவே வெகுநேரம் ஆகும். காத்திருக்கும் அந்த நேரமெல்லாம், பயமே இல்லாத அந்த நாளில் டீச்சர் ஊட்டியது எந்தப் பிள்ளைக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.