ஹாலில் கேள்வி, சமையலறையில் பதில்

சனிக்கிழமை காலையானால் ஹாலில் கேள்வி, சமையலறையில் பதில். ஹாலில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து மாதேஸ்வரி தன் கம்பெனிக்காக முன்பின் தெரியாத யாரையோ இன்டர்வியூ செய்துகொண்டிருப்பாள். உள்ளே அவள் புருஷன் முனிராஜ், நறுக்குகிற வெங்காயத்தைப் பார்த்து அத்தனை கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பான். எதிராளி திணறினால் கத்தி வேகமாக ஓடும். "இதுகூடத் தெரியலியா? இவனையெல்லாம் யாரு கூப்பிட்டா?" என்பான். பதில் சரியாக வந்துவிட்டாலோ, "எங்கியோ பாத்துப் படிக்கிறான்" என்று ஒரு முணுமுணுப்பு. ஆக, அவனிடம் எவனும் பாஸாக முடியாது.

ஆள் ஒன்றும் லேசுப்பட்டவன் இல்லை. ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் கணினிப் பிரிவில் பல வருஷ அனுபவம். சட்டையை இன் பண்ணாமல் பால் வாங்கக்கூடப் போக மாட்டான். பெங்களூரின் அந்தப் பெரிய டெக் கம்பெனிக்கு முதலில் விண்ணப்பித்தவன் அவன்தான். கடைசி ரவுண்டில் விழுந்தான். சும்மா போட்டுவை என்று மனைவியையும் விண்ணப்பிக்கச் சொல்லி, எதிரில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தான். அவள் முதல் தடவையே உள்ளே போய்விட்டாள். இவன் மறுவருஷமும் விழுந்தான். மூன்றாவதாக அனுப்பியதற்கு இன்னும் பதிலே இல்லை.

பொறாமை இல்லை என்று நடிக்கிற ஆளில்லை அவன். வயிறு எரிகிறது, அவ்வளவுதான். ஜூஜுவாடியில் வந்து நிற்கும் அவள் கம்பெனி பஸ்ஸைப் பார்த்தால் எரிகிறது. தினமும் பைக்கில் கொண்டுபோய் ஏற்றிவிடுகிறவனும் அவனேதான். அங்கே மதியச் சாப்பாடு இலவசம். சாயங்காலம் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னைக்கும் அதே பன்னீர்தாங்க, வாயில வைக்க முடியல" என்று சலித்துக்கொள்வாள். அந்தச் சலிப்பு இருக்கிறதே, அதைத்தான் அவனால் தாங்க முடியாது. தேன்கனிக்கோட்டை மாமனார் யானை மிதித்த ராகிக் கொல்லையில் பேச்சைத் தொடங்கினாலும் மகளுடைய கம்பெனியில்தான் கொண்டுவந்து முடிப்பார். மருமகன் கம்பெனியின் பெயர் அவர் வாயில் இன்னும் நுழையவில்லை.

போன சனிக்கிழமை அவள் இன்டர்வியூவைத் தொடங்கியதும் கரண்ட் போய்விட்டது. மாதாந்திரப் பராமரிப்பு, இனிச் சாயங்காலம்தான் வரும். அவள் போனில் டவர் இல்லை. முனிராஜின் போனிலும் ஹால் ஜன்னலுக்கு மேலே தூக்கிப் பிடித்தால்தான் வரும். ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி, கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். லேப்டாப் மறுபடி பேசியது.

"பேசிக்கலி மேடம்..."

அந்தக் குரலைக் கேட்டதும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சென்றாயன். முனிராஜுக்குக் கீழே வேலை பார்க்கிற சிங்காரப்பேட்டைப் பையன். ஊரில் பண்டிகை என்று சொல்லி அவனிடமே லீவு வாங்கியவன். தனக்கு வராத அழைப்பு இவனுக்கு வந்திருக்கிறது.

மாதேஸ்வரிக்கு இது தெரியாது. வந்திருப்பவர் எங்கே வேலை பார்க்கிறார் என்பதைக் கேள்வி கேட்பவரிடம் காட்டாதது அந்தக் கம்பெனியின் வழக்கம். ஒரே பஸ் சீட்டை ஒரே நொடியில் ஆயிரம் பேர் புக் பண்ண வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதான் என்றான் சென்றாயன். முதல் துண்டு யாருடையதோ, சீட்டு அவருக்கு. பஸ் கிளம்புவதற்குள் ஆள் வந்து உட்காராவிட்டால் துண்டை எடுத்துவிட வேண்டும். கம்பெனி வாசல் டீக்கடையில் முனிராஜ் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது இது. ஒரு எழுத்து மாறவில்லை.

மாதேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள். முனிராஜ் அந்தச் சிரிப்பை வீட்டில் கேட்டு வெகுநாளாகிறது.

"நல்லாருக்கே. நீங்களே யோசிச்சதா?"

"ஆமா மேடம்."

முனிராஜின் கட்டைவிரல் தானாக ஹாட்ஸ்பாட் பட்டனுக்குப் போனது. ஒரு தடவை தொட்டால் போதும், சென்றாயன் திறந்த வாயோடு அப்படியே நின்றுவிடுவான். பழி மின்வாரியத்துக்குப் போய்விடும். யாருக்கும் தெரியப் போவதில்லை. விரல் அங்கேயே கிடந்தது. அதற்குள் கை தாழ்ந்துவிட்டதோ என்னவோ, திரையில் சென்றாயனின் முகம் கட்டம் கட்டமாகக் கலைந்தது. மாதேஸ்வரி திரும்பாமலே, இன்னும் கொஞ்சம் மேலே என்று கையைக் காட்டினாள்.

தோள்பட்டை கடுத்தது. முனிராஜ் போனை இடது கைக்கு மாற்றி, குதிகாலை எக்கி, இன்னும் ஒரு சாண் உயரத்தில் பிடித்தான்.