சவுரிமுத்து கைமாற்றிய வேலை

சவுரிமுத்து என்ற பெயரை பியூலா முதலில் கேட்டது 'சாம்' என்றுதான். இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மாசம். கீழ்க்கட்டளை செல்வமேரியின் இளைய மகள் பியூலா, தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்த புதிது.

"அமெரிக்காவுல சாம்னு ஒரு கான்ட்ராக்ட்காரர். அவர் பார்க்கிற வேலை இனிமே நமக்கு. போன்ல சொல்லித் தருவார், கத்துக்கோ," என்றாள் டீம் லீடர் ஜெயஸ்ரீ.

வெள்ளைக்காரர் என்று நினைத்து, பியூலா ஒவ்வொரு வார்த்தையையும் இங்கிலீஷில் அடுக்கி வைத்துக்கொண்டு பேசினாள். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். இங்கே விளக்கு வைக்கிற நேரம். ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரையில் கொட்டுகிற சத்தம் போனுக்குள்ளும் போயிருக்க வேண்டும். எதிர்முனையில் பேச்சு நின்றுவிட்டது.

"இன்னாம்மா, மழையா?" என்றது குரல்.

அடுக்கி வைத்த இங்கிலீஷ் பியூலாவுக்கு மறந்தே போனது. "நீங்க தமிழா சார்?"

"பல்லாவரம்மா. சவுரிமுத்துன்னு கூப்ட இவங்களுக்கு வாய் வரல. போனை அப்படியே ஜன்னலாண்ட காட்டேன்."

காட்டினாள். கடலுக்கு அந்தப்புறம் ஒரு மனுஷர் மூச்சுக்கூட விடாமல் மழை கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கும் கால் தரையில் இல்லாத மாதிரி இருந்தது. திரையின் பச்சை எழுத்துகள்கூட நனைந்து வழிவதுபோல் தெரிந்தன.

வீட்டில் சொன்னதும் செல்வமேரி மீன் கழுவின கையோடு எழுந்து வந்தாள். "பல்லாவரம் சவுரிமுத்துன்னா நம்ம மெட்டில்டா சித்தி புள்ளையாடி? எனக்குத் தம்பி, உனக்கு மாமன்! நீ கத்துக்கினா அவன் இன்னா பண்ணுவான்?"

"கான்ட்ராக்ட் முடிஞ்சிடும்மா. ஊருக்கு வந்துடணும்."

"நல்லா கீதுடி கதை. மாமன் சோத்துல கை வெக்கத்தான் உன்னைப் படிக்க வெச்சேனா?"

அதற்கப்புறம் பியூலாவுக்கு எதுவும் புரியவில்லை. அதாவது, புரியவில்லை என்று சொன்னாள். நேற்றுக் கேட்டதையே இன்றும் கேட்டாள். அவரும் சலிக்காமல் சொன்னார். நடுவில் பேச்சு எங்கெங்கோ மிதந்து போகும். அஸ்தினாபுரம் பக்கம் வீடுகள் வந்துவிட்டனவா, ஏரியில் தண்ணீர் நிற்கிறதா என்பார். அவள் சொல்லச் சொல்ல, பனி மூடின அந்த ஊர்த் தெருவில் மின்சார ரயில் போவதாக அவருக்குத் தோன்றுமாம்.

ஒருநாள் ஜெயஸ்ரீ கறாராகச் சொல்லிவிட்டாள்: "வெள்ளிக்கிழமைக்குள்ள உனக்கு வரலைன்னா, உன் இடத்துல வேற ஆள்."

பியூலா அதை அவரிடம் சொல்லவில்லை. குரல் காட்டிக்கொடுத்துவிட்டது.

"உனக்கு எல்லாம் எப்பவோ புரிஞ்சுபோச்சு, இல்ல?" என்றார்.

"நீங்க எனக்கு மாமா முறைன்னு அம்மா சொல்லிச்சு."

சவுரிமுத்து சிரித்தார். "அதுக்குத்தான் இத்தினி நாளா மக்கு வேஷமா? மாமன் பேச்சைக் கேளு. நீ இல்லைன்னா வேற யாராவது கத்துக்குவாங்க. எப்படியும் நான் கிளம்ப வேண்டியதுதான். அந்த வேலை நம்ம வூட்லயே இருந்துட்டுப் போவட்டும். கத்துக்கினேன்னு சொல்லிடு."

சொன்னாள். ஜெயஸ்ரீயிடம் அதைச் சொல்லும்போது, வேறு யாரோ ஒருத்தி பேசுவதைத் தூரத்திலிருந்து கேட்பதுபோல இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவர் பெட்டியோடு வந்து இறங்கினார். கொஞ்ச காலம் சும்மா இருந்தார். இப்போது சவுரிமுத்து தாயார் மெட்டில்டாவோடு மேடவாக்கத்தில் குடியிருக்கிறார். துரைப்பாக்கத்தில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய் வருகிறார்.