தவறாத வெள்ளிக்கிழமைகள்

தொண்ணூறுகளில் மலேசியாவில், மலாக்காவை அடுத்த ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். மூன்று மாதமாக ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாமல் என் அண்ணி மாரியம்மன் கோயிலுக்கு வந்தார். மாதவிலக்கு நாள்களில் எங்கள் பெண்கள் கோயில் பக்கம் போவதில்லை. அதனால் நானே முடிவு கட்டினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கேசரி கிண்டி வீடு வீடாகக் கொடுத்து, “அண்ணி முழுகாம இருக்காங்க” என்று சொல்லிவிட்டேன்.

மறுவாரம் மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த அண்ணி என்னை உட்கார வைத்தார். அவருக்கு இருபத்தொன்பது வயதுதான்.

“கிருமிய விரட்ட வேண்டிய ரத்த அணுங்களே என் சினைப்பையத் தாக்குதாம். கருமுட்டை கொஞ்சந்தான் மிச்சமாம். அதான் நின்னுபோச்சு.”

நான்தான் அழுதேன். அவர் அழவில்லை.

“கேசரி கொடுத்த வீட்டுக்கெல்லாம் போய் இதையும் நீயே சொல்லிடு லா. ஒளிச்சு வைக்க நான் என்ன தப்பு பண்ணேன்?”

போனேன். ஒவ்வொரு வாசலிலும் கூசிக் குறுகினேன். கடைசி வீட்டில், ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டும் அக்கா நான் சொன்னதைக் கேட்டதும் என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். திட்டப்போகிறார் என்றே நினைத்தேன்.

“எனக்கும் எட்டு மாசமா இல்ல, தங்கச்சி. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு மாசம் ஒரு வெள்ளிக்கிழமை வேணும்னே கோயிலுக்கு வராம இருக்கேன். அந்த டாக்டர் எங்க இருக்காரு?”

அண்ணியே அவரை மலாக்காவுக்கு பஸ்ஸில் அழைத்துப் போனார்.

கோயிலுக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அதற்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை.