சீதன வீட்டுக்கு வெளியே

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருஷம் தள்ளாடினேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன், எனக்கு எழுத்து வராது என்பது ஒரு சாட்டு. உண்மை என்னவென்றால், இதில் வருகிற வீட்டுக்கார அக்காவை இப்போதும் நான் கோயிலில் காண்கிறேன். அவரைக் குற்றவாளியாக நிறுத்தி எழுதவும் மனம் வரவில்லை. குற்றமே இல்லை என்று எழுதவும் வரவில்லை. மாமாங்கேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

அமிர்தகழிப் பக்கத்தில், வாவியைப் பார்த்த வளவு ஒன்றில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். முன்னால் கல் வீடு, பின்னால் தகரம் போட்ட சின்ன வீடு. கல் வீட்டில் நானும் மனைவியும். சின்ன வீட்டில் வீட்டுக்கார அக்காவும் அவரின் ஒரே மகளும். வீட்டுச் சொந்தக்காரி தகரத்துக்குள், வாடகைக்காரர் கல் வீட்டிலா என்று வெளியூர்க்காரர் புதினமாய்க் கேட்பார்கள். எங்கள் பகுதியில் இதில் புதினம் ஒன்றுமில்லை. இங்கே வீடு என்றால் அது பெண்பிள்ளைக்கு. மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கும் நாள் வரைக்கும் தாய் அதற்குக் காவல், அவ்வளவுதான்.

அக்கா புருஷனை இழந்தவர். குவைத்தில் கன வருஷம் வேலைக்கு நின்று, யாரோ ஒருவரின் வீட்டைக் கூட்டித் துடைத்து, அந்தக் காசில் கட்டிய வீடு அது. சுவர் பூசி முடிக்கக் காசு வேண்டித்தான் எங்களுக்கு வாடகைக்கு விட்டார்.

என் மனைவிக்கும் ஒரு காலம் சீதன வீடு இருந்தது, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில். மண் வீடு. சண்டை நேரம் எரிந்து போனது. அவளுடைய கூடப் பிறந்தவர்களும் மிஞ்சவில்லை. அதனாலோ என்னவோ, இந்த வாடகை வீட்டைத் தன் வீடு போலவே கூட்டிக் கழுவி வைத்திருந்தாள். அக்காவும் அவளும் உடன்பிறப்புப் போல. அக்காவின் மகள் அவளைச் சின்னம்மா என்றும் என்னைச் சித்தப்பா என்றும்தான் கூப்பிடுவாள். அந்தக் குசினியில் உப்பு முடிந்தால் இந்தக் குசினியில் கேள்வியில்லாமல் எடுப்பார்கள்.

மனைவிக்கு வயிற்றில் புற்றுநோய் என்று கண்டபோது நாள் பிந்திவிட்டது. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் ஏறி இறங்கினோம். கடைசியில் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள், விருப்பமானதைக் கொடுங்கள் என்று சொல்லி, வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டிவிட்டார். அவளிடம் போய், என்ன வேணும் என்று கேட்டேன்.

"வீட்ட போவம்" என்றாள்.

அதே நாட்களில்தான் அக்காவின் மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் தாய் வீடு பார்க்க வந்தபோது முதலில் கேட்டது அறை எத்தனை என்றல்ல, இதற்குள் சாவு விழுந்திருக்கிறதா என்று. அக்கா இல்லை என்று சத்தியம் செய்திருந்தார்.

மனைவியைக் கூட்டி வருமுன் அறையை ஒதுக்கி வைக்கலாம் என்று நான் வீட்டுக்கு வந்தேன். அக்கா வளவு வாசல் படலையில் நின்றார். தங்கச்சிக்கு எப்படி என்று கேட்டார். டொக்டர் சொன்னதைச் சொன்னேன். சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"உள்ளுக்குக் கொண்டு வராதீங்க தம்பி. உங்கட காலில விழுறன். புள்ளைட வீடு."

எனக்குக் கோபம் வரவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் வரவில்லை. நானும் அப்படியே வளர்ந்தவன். ஊரில் பிரேதம் கிடந்தால் கோயிலில் பூசையை நிறுத்தி வைப்போம். சாவீட்டுக்குப் போய் வந்தால் தலை முழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டேன். எனக்கு ஒரு மகள் இருந்து, அவளுக்கென்று ஒரு வீடும் இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? அந்த இடத்துக்கு வந்ததும் என் யோசனை நின்றுவிடும்.

கோபம் வந்தது அடுத்த ஒழுங்கையில் இருந்த ஓட்டோக்காரத் தம்பிக்கு. அவனும் வாடகைக்கு இருக்கிறவன். சட்டம் இருக்கிறது, வாயால் சொல்லி ஒருவரை எழுப்ப முடியாது, பொலிசுக்குப் போவோம், நீங்கள் பாட்டுக்கு உள்ளே கொண்டுபோய்க் கிடத்துங்கள் என்று கொதித்தான். "இவங்களுக்கு எங்கட காசு வேணும், எங்கட வருத்தம் வேணாம். நாங்க என்ன அண்ணன், சாகாத ஆக்களா?" என்றான். அவன் சொன்னது சரிதான். ஆனால் வழக்குக்குக் காலம் வேண்டும். அவளிடம் காலம் இல்லை. இழுபறிக்கு நடுவில் அவளைக் கிடத்தி வைக்கவும் எனக்கு மனமில்லை.

அவளை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு, அவனுடைய ஓட்டோவிலேயே வேறு வீடு தேடிச் சித்தாண்டி வரைக்கும் போனோம். வந்தாறுமூலையில் கம்பஸ் பிள்ளைகளுக்கு அறை விடுகிற ஒருவர், நல்ல மனிதர், அறையைத் திறந்தே காட்டினார். எத்தனை பேர் என்று கேட்டார். நானும் மனைவியும், அவவுக்குச் சுகமில்லை என்றேன். என்ன வருத்தம் என்றார். சொன்னேன். கதவைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டார். அவர் நெற்றி நிறைய விபூதி. என் நெற்றியிலும் அதே விபூதி. திரும்பும் வழியில் ஓட்டோத் தம்பி, பொய் சொல்லியிருக்கலாமே அண்ணன் என்றான். பொய் சொல்லிக் கொண்டுபோய் அவளை எந்தச் சுவரைப் பார்த்துக் கிடத்துவது?

கட்டாரில் வேலைக்கு நிற்கிற எங்கள் மகன் போனில் அழுதான். அவனால் வேறு என்ன செய்ய முடியும்?

கடைசியில் ஒரு வழி சொன்னவரும் அக்காதான். வளவு வேலிக்கு வெளியே, வாவிக் கரையில் அரசாங்க நிலம் ஒரு துண்டு கிடந்தது. அதில் பந்தல் போடலாம், தென்னோலைக் கிடுகு நான் தருகிறேன் என்றார். மகளின் கலியாணப் பந்தலுக்கென்று இழைத்து அடுக்கி வைத்திருந்த கிடுகு அது. ஓட்டோத் தம்பி கறுவிக்கொண்டேதான் கம்பு நட்டான்.

அவளைக் கொண்டுவந்த அன்று, ஓட்டோ படலையில் நிற்காமல் வேலியைச் சுற்றிப் போனதும் அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயெடுக்குமுன் விளங்கிக்கொண்டாள். பந்தலுக்குள் கட்டிலில் கிடத்திய பிறகு, வேலிக்கு மேலால் தெரிந்த கூரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"அக்காவோட கோவிக்காதீங்க. சீதன வீட்டில மத்த ஆக்கள்ட சாவு விழப்படா. என்ட வீடெண்டா நானும் விட்டிருக்கமாட்டன்."

அதைச் சொல்லிவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்தப் பந்தலில் அக்கா செய்ததை எழுதாமல் விட்டால் எனக்குப் பாவம். விடிந்தால் கஞ்சியோடு வருவார். அவளைத் துடைத்து, உடுப்பு மாற்றி, தலை வாரி, காலுக்கு எண்ணெய் தடவுவார். பீ மூத்திரம் அள்ளினார், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இருவரும் கதைத்துச் சிரிப்பதும் கேட்கும். ஒருநாள் மகளுக்கு எடுத்த சீலையைக் கொண்டுவந்து காட்டினார். மனைவி கரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "சீலை நல்லம் அக்கா, மாப்பிளைட மூஞ்சிதான் அதுக்குப் பொருந்தாது" என்றாள். அக்கா சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடித்தார். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் எழும்பிப் போய்ப் படலையைச் சாத்திக்கொள்வார். தகரப் படலை. சாத்துகிற சத்தம் எங்களுக்குக் கேட்கும்.

டொக்டர் சொன்ன காலம் கடந்தும் அவள் கிடந்தாள். மாரி தொடங்கிவிட்டது. வாவி ஏறி வந்து பந்தல் கால்களை நனைத்தது. கிடுகுக்கு மேலே தறப்பாள் கட்டினோம். காற்று அதைப் பிடுங்கியது. கட்டில் காலுக்குக் கீழே கல் அடுக்கி உயர்த்தினேன். மழை சரிந்து அடித்த ஒரு பகலில் அக்காவின் மகள் குடையில்லாமல் ஓடி வந்தாள். சின்னம்மாவின் பாதங்களைப் பிடித்துப் பார்த்தாள். ஈரத்தில் வெளிறிப்போயிருந்தன.

"தூக்குங்க சித்தப்பா, உள்ளுக்குக் கொண்டு போவம். எனக்குத்தானே வீடு, நான் சொல்றன்" என்றாள்.

பந்தலைப் பார்க்க வந்திருந்த ஓட்டோத் தம்பியும் நானும் கட்டிலோடு அவளைத் தூக்கினோம். தண்ணீரில் கால் வழுக்க வழுக்கப் படலை வரைக்கும் வந்துவிட்டோம். அக்கா உள்ளே நின்று படலையைப் பிடித்திருந்தார். அவரும் தெப்பமாய் நனைந்திருந்தார். மகளைப் பார்த்துத்தான் சொன்னார்.

"கலியாணம் முடியட்டும், அதுக்குப் புறகு உன்ட வீடு. இண்டைக்கு என்ட வீடு."

ஓட்டோத் தம்பி கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். கட்டிலில் கிடந்தவள் கையை அசைத்தாள், திரும்புங்கள் என்று. நாங்கள் திரும்பினோம். அப்போது படலை திறந்தது. அக்கா வெளியே வந்து, தன் சீலைத் தலைப்பை இரண்டு கையாலும் விரித்து, அவள் முகத்தில் மழை படாமல் பிடித்தபடி பந்தல் வரைக்கும் கூடவே நடந்தார்.

மறுநாள் பகல் அவள் போனாள். தலை அக்காவின் மடியில் இருந்தது. கடைசித் தண்ணீர் விட்டதும் அக்காதான்.

ஒரு வீட்டு வாசலால் எடுக்காத பிரேதம் அது. பறை மேளம் அந்தப் படலையைக் கடக்கும்போது நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினோம். முப்பத்தோராம் நாள் கிரியையை எந்த வீட்டில் வைப்பது என்று ஐயர் கேட்டார். சேறு காய்ந்த அந்தப் பந்தலிலேயே வைத்தோம். கலியாணம் குறித்தபடி நடந்தது. மகளும் மாப்பிள்ளையும் அந்தக் கல் வீட்டில்தான் இருக்கிறார்கள். கலியாணத்துக்கு நான் போகவில்லை.

இப்போது பக்கத்து ஊர் ஒன்றில் ஓர் அறையில் தனியே இருக்கிறேன். அறை கேட்டுப் போனபோது வீட்டுக்காரர், வருத்தம் துன்பம் ஒன்றுமில்லையே என்று சும்மா கேட்பது போலக் கேட்டார். அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்குத் தெரியும். இல்லை என்றேன். வயது ஏறுகிறது. இருமல் வந்தால் தலையணையில் வாயைப் புதைத்துக்கொள்கிறேன்.

சிவன் சுடலையில் குடியிருக்கிறவர் என்று நாங்களே பாடுகிறோம். அவருக்கு இல்லாத துடக்கு, இந்தச் சாவுத் தீட்டு, எங்களுக்கு எங்கேயிருந்து வந்தது என்று கேட்க எனக்குப் படிப்புக் காணாது. வாடகைக்கு விடுகிறவர் மனிதருக்குத்தான் விடுகிறார், மனிதர் ஒருநாள் சாவார், அதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கூரை என்று மட்டும் எனக்குப் படுகிறது. அதைச் சீதன வீடு கட்டிய ஒரு தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

ஊரில் இது இரண்டு கதையாகிவிட்டது. சாகக் கிடந்தவளைத் தெருவில் எறிந்த இரக்கமில்லாதவள் என்று வாடகைக்கு இருக்கிறவர்கள் சொல்கிறார்கள். பிரேதத்தைக் கொண்டுவந்து வைத்து வீட்டைப் பிடிக்கப் பார்த்த குடும்பம் என்று வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். இரண்டையும் என் காதால் கேட்டுவிட்டேன், அதனால்தான் எழுதினேன். வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது கஞ்சியையும் விட்டுவிடாதீர்கள், படலையையும் விட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் பிடித்த பக்கத்தைக் கூட்டி மற்றதைக் குறைத்தால், அவள் அந்தப் பந்தலில் கிடந்ததே பொய்யாகிவிடும். நான் தந்த மாதிரியே கொடுங்கள்.