ஆடிச் சாரலில் நனைய வாருங்கள்

மலை பார்க்க ஆள் வரவழைத்துச் சுற்றிக் காட்டும் தொழிலை நாங்கள் இரண்டு பேர் கூட்டாக நடத்தினோம். கூட்டாளி மலைக்குக் கீழே சமவெளியில் இருக்கும் கோபாலபுரத்து விவசாயி. கீழே நோட்டீஸ் அடித்து ஒட்டுவது அவர் வேலை. வருகிறவர்களுக்கு எங்கள் மலையூரான சாந்தன்பாறையைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. வந்த லாபத்தில் மாட்டுவண்டி போய் மோட்டார் வண்டி வந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், 'ஆடிச் சாரலில் நனைய வாருங்கள்' என்று ஊரெல்லாம் ஒட்டிவிட்டார். மழைக்கு ஏங்கும் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சாரல் என்றால் கொண்டாட்டம். எங்கள் மலையில் ஆடி என்றால் மண்சரிவும் அட்டைக்கடியும்தான். ஏலக்காட்டு ஆட்களே காலில் புகையிலையும் சுண்ணாம்பும் தடவாமல் இறங்கமாட்டார்கள்.

வந்தவர்களின் வண்டி சேற்றில் புதைந்தது. அட்டை கடித்துக் காலெல்லாம் ரத்தம் வழிய ஒரு அம்மாள், "நீயெல்லாம் மனுசனாய்யா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நோட்டீஸில் ஒரு எழுத்துகூட என்னுடையதில்லை. வசவு மட்டும் முழுக்க எனக்கு! இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வாரமே கோபாலபுரத்துக்குப் போனேன். அவர் வீட்டுச் சுவரிலும் அதே நோட்டீஸ். "நீங்களே ஒருக்கா மேல வந்து பாருங்க" என்றேன்.

"ஏனுங்க, இந்த மழையில அங்க ஆருங்க வருவாங்க?" என்றார்.